சிறுவர் மூளைப் புற்றுநோய்

சிறுவர் மூளைப் புற்றுநோய் என்பது பிறந்த குழந்தை முதல் 19 அகவை வரையிலானோரின் மூளையிலும் அதனைச் சார்ந்த மைய நரம்புத் தொகுதியிலும் தோன்றும் புற்றுநோய்களைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இது ஒரே நோய் அன்று. தோன்றும் இடம், உயிரணு வகை, மரபணு மாற்றம் ஆகியவற்றால் வேறுபடும் பல நோய்களின் தொகுப்பு ஆகும். வளர்ந்த நாடுகளின் பதிவேடுகளில் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் மூளைக் கட்டிகள் உள்ளன. திண்மக் கட்டிகளை மட்டும் கணக்கில் கொண்டால் இவையே முதலிடம் பெறுகின்றன.

இந்நோய்களில் சில அறுவைச் சிகிச்சையாலேயே முழுமையாகக் குணமாகக் கூடியவை. சில இன்றளவும் குணப்படுத்த இயலாதவை. குணப்படுத்தக் கூடிய வகைகளிலும் குழந்தை பிழைப்பது மருத்துவத்தை மட்டும் பொறுத்ததன்று. நோய் எவ்வளவு விரைவாகக் கண்டறியப்பட்டது என்பதும், பல மாதங்கள் நீளும் சிகிச்சையை இறுதிவரை தொடரக் குடும்பத்தால் இயன்றதா என்பதும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே குடும்பங்களுக்கான ஆதரவு இந்நோயின் சிகிச்சையில் ஒரு பகுதியாகவே இன்று கருதப்படுகிறது.

## வகைகள்

உலக சுகாதார அமைப்பு மைய நரம்புத் தொகுதிக் கட்டிகளுக்கான வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பை 2021 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இதில் நுண்நோக்கியில் தெரியும் தோற்றத்துடன் மரபணு மாற்றங்களும் வகைப்பாட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன. குழந்தைகளிடம் காணப்படும் முக்கிய வகைகள் வருமாறு:

* மெடுல்லோபிளாஸ்டோமா - சிறுமூளையில் தோன்றும் வீரியமிக்க கட்டி. 1925 ஆம் ஆண்டில் ஆர்வி குஷிங், பெர்சிவல் பெய்லி ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் இதனை விவரித்தனர். மூளை தண்டுவட நீர்மத்தின் வழியே முதுகுத் தண்டுவடத்துக்கும் பரவக் கூடியது.
* பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா - மெதுவாக வளரும் கட்டி. பெரும்பாலும் சிறுமூளையிலும் பார்வை நரம்புப் பாதையிலும் தோன்றும். முழுமையாக அகற்றப்பட்டால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நீண்டகாலம் வாழ்கின்றனர்.
* எபெண்டிமோமா - மூளையின் நீர்மக் குழிகளின் உட்சுவரைச் சார்ந்து தோன்றுவது. அறுவையில் எவ்வளவு அகற்றப்பட்டது என்பதே இதன் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.
* பரவிய நடுக்கோட்டு கிளையோமா - பெரும்பாலும் மூளைத்தண்டில் தோன்றுவது. மூச்சு, விழுங்குதல், கண்ணசைவு ஆகியவற்றை இயக்கும் நரம்பு இழைகளுக்கு இடையே ஊடுருவிப் பரவுவதால் இதனை அறுத்து எடுக்க இயலாது. நோய் கண்டறியப்பட்ட பின் வாழும் காலத்தின் இடைநிலை அளவு ஓர் ஆண்டுக்கும் குறைவு.
* கிரானியோபாரிஞ்சியோமா - பிட்யூட்டரி சுரப்பியின் அருகே தோன்றுவது. உயிரணு அளவில் புற்றுநோய் அல்லாவிடினும், பார்வையையும் இயக்குநீர்ச் சுரப்பையும் பாதிப்பதால் வாழ்நாள் மருத்துவம் தேவைப்படும்.

மூளையைப் பொறுத்தவரை "புற்று அல்லாத கட்டி" என்ற சொல் தவறான நிம்மதியைத் தரக் கூடும். மண்டையோட்டுக்குள் இடம் குறைவு. எனவே மெதுவாக வளரும் கட்டியும் நீர்மப் பாதையை அடைத்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம்.

## காரணங்கள்

பெரும்பாலான குழந்தைகளில் நோய்க்கான காரணம் அறியப்படவில்லை. ஒரு சிறு பகுதியினரில் பிறவியிலேயே அமைந்த மரபணு மாற்றம் காரணமாகிறது. நரம்புநார்க்கட்டி நோய் முதல் வகை, லி-பிராமினி கூட்டறிகுறி, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் ஆகியவை இவற்றுள் சில. சூழல் காரணிகளுள் தலைக்குக் கொடுக்கப்படும் அயனியாக்கக் கதிர்வீச்சு மட்டுமே உறுதியாக நிறுவப்பட்டதாகும்.

செல்பேசிப் பயன்பாடு குறித்து 14 நாடுகளில் நடத்தப்பட்ட மோபி-கிட்ஸ் ஆய்வில் இந்தியாவும் பங்கேற்றது. 10 முதல் 24 அகவை வரையிலானோரிடம் நடந்த இவ்வாய்வு, செல்பேசிக்கும் மூளைக் கட்டிக்கும் காரணத் தொடர்பு இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை என 2022 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளில் தெரிவித்தது.

இந்நோய் தொற்றாது. தாய் கருவுற்றிருந்தபோது உண்ட உணவோ, குழந்தை எப்போதோ கீழே விழுந்ததோ, கண்ணேறோ, ஊழ்வினையோ இதற்குக் காரணம் என்பதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. நோய் கண்டறியப்பட்ட குடும்பங்களில் தாயின் மீது பழி சுமத்தப்படுவது வழக்கமாக இருப்பதால், இதனை உறவினர் முன்னிலையில் தெளிவாகச் சொல்வது மருத்துவரின் கடமைகளுள் ஒன்றாகும்.

## அறிகுறிகள்

அறிகுறிகள் கட்டியின் இடத்தையும் குழந்தையின் அகவையையும் பொறுத்து மாறும். பொதுவானவை:

* காலையில் எழும்போது தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்தபின் வலி குறையலாம்.
* நடையில் தள்ளாட்டம், அடிக்கடி விழுதல், கையெழுத்து மாறுதல்.
* புதிதாகத் தோன்றும் மாறுகண், இரட்டைப் பார்வை, பார்வைக் குறைவு.
* தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருத்தல்.
* வலிப்பு.
* கைக்குழந்தைகளில் தலைச் சுற்றளவு இயல்புக்கு மீறிப் பெருகுதல்.
* உறக்க மிகுதி, குணமாற்றம், படிப்பில் திடீர்ப் பின்னடைவு.
* வளர்ச்சி தடைப்படுதல், பூப்பு முந்துதல் அல்லது பிந்துதல், அளவுக்கு மீறிய தாகமும் சிறுநீரும்.

இவை ஒவ்வொன்றும் சாதாரண நோய்களிலும் வருபவையே. ஆகவே வாந்திக்கு வயிற்றுக் கோளாறு எனவும், தலைவலிக்குக் கண்ணாடி தேவை எனவும், படிப்பில் பின்தங்குவதற்குச் சோம்பல் எனவும் காரணம் கூறப்பட்டு வாரங்கள் கடந்து விடுகின்றன. தலைவலியுடன் வாந்தி, தள்ளாட்டம், மாறுகண் ஆகியவற்றில் ஒன்று சேரும்போதும், அறிகுறி விடாமல் தொடரும்போதும் மூளைப் படம் எடுப்பது அவசியமாகிறது.

பிரித்தானியாவில் 2011 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹெட்ஸ்மார்ட் இயக்கம் இத்துறையில் முன்மாதிரியாகக் கூறப்படுகிறது. அறிகுறிகளை அச்சிட்ட சிறு அட்டைகள் பெற்றோருக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் வழங்கப்பட்டன. முதல் அறிகுறிக்கும் நோய் கண்டறிதலுக்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு முன்னர் 14.4 வாரங்களாக இருந்து, பின்னர் 6.7 வாரங்களாகக் குறைந்தது.

இந்தியாவில் 2013 ஆம் ஆண்டு முதல் செயல்படும் தேசியச் சிறுவர் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று 18 அகவை வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. இது புற்றுநோய்க்கென ஏற்பட்ட திட்டம் அன்று. எனினும் மாறுகண், தள்ளாட்டம், தலைச் சுற்றளவு மிகுதல் போன்றவற்றைக் கவனிக்க இதுவே பல சிற்றூர்களில் உள்ள முதல் வாய்ப்பாகும்.

## நோய் கண்டறிதல்

கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்கும்போது பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் மிகுந்துள்ளது என அறியலாம். அடுத்து சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்படுகிறது. நோயாளி ஒருவரின் மூளையை முதன்முதலில் சி.டி. கருவி படம்பிடித்தது 1971 ஆம் ஆண்டில் இலண்டனில் ஆகும். எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இன்றிக் கூடுதல் நுணுக்கத்துடன் காட்டுவதால் இன்று அதுவே முதன்மையான சோதனையாக உள்ளது. சிறு குழந்தைகள் அசையாமல் இருக்க மயக்க மருந்து தேவைப்படும்.

இந்தியாவில் மூளையில் தெரியும் ஒவ்வொரு கட்டியும் புற்றுநோய் அன்று. காசநோய்க் கட்டியும், நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குவதால் ஏற்படும் நீர்க்கட்டியும் இதே போன்ற படத்தைத் தரலாம். இவை மருந்தால் குணமாகக் கூடியவை. எனவே, இயன்ற இடங்களில் திசு எடுத்து ஆய்வு செய்த பின்னரே நோய் உறுதி செய்யப்படுகிறது.

## சிகிச்சை

அறுவைச் சிகிச்சை பெரும்பாலான வகைகளில் முதற்படியாகும். கட்டி நீர்மப் பாதையை அடைத்திருந்தால், மூளையிலிருந்து வயிற்றறைக்கு நீர்மத்தை வடிக்கும் ஷன்ட் எனும் குழாய் பொருத்தப்படலாம். இலக்னோ மருத்துவர் சாப்ரா வடிவமைத்த சாப்ரா ஷன்ட் இந்தியாவில் உருவாக்கப்பட்ட குறைந்த விலைக் கருவியாகும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை மெடுல்லோபிளாஸ்டோமா போன்ற பரவக் கூடிய கட்டிகளில் மூளைக்கும் முதுகுத் தண்டுவடம் முழுமைக்கும் கொடுக்கப்படுகிறது. வழக்கமான முறையில் வாரத்திற்கு ஐந்து நாட்கள் என ஏறத்தாழ ஆறு வாரங்கள் நீளும். வளரும் மூளையைக் கதிர்வீச்சு கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மூன்று அகவைக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இயன்றவரை தவிர்க்கப்படுகிறது அல்லது தள்ளிப் போடப்படுகிறது. சுற்றியுள்ள திசுக்களுக்குச் செல்லும் கதிரளவைக் குறைக்கும் புரோட்டான் சிகிச்சை மையம் 2019 ஆம் ஆண்டில் சென்னையில் அப்பல்லோ குழுமத்தால் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் இதுவே முதலாவது ஆகும்.

வேதிச்சிகிச்சை சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, லோமஸ்டின் முதலிய மருந்துகளைப் பல சுற்றுகளாகக் கொடுப்பதாகும். அறுவை, கதிர்வீச்சு, வேதிமருந்து மூன்றும் தேவைப்படும் மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைக்கு மொத்தச் சிகிச்சை ஏறத்தாழ ஓராண்டு நீடிக்கும். நோய் பரவாத நிலையில் முழுச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் ஐந்தில் நால்வர் அளவில் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

## தமிழ்நாட்டில் வரலாறு

இந்தியாவில் நவீன நரம்பறுவை மருத்துவம் தமிழ்நாட்டிலேயே தொடங்கியது. கனடாவில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949 ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். 1950 ஆம் ஆண்டில் பா. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கினார். இந்திய நரம்பியல் கழகம் 1951 ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்டது.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான முயற்சியின் தொடக்கத்தில் ஒரு குடும்பத்தின் இழப்பு உள்ளது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (1886-1968), இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டி, 1954 ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். குடில்களில் 12 படுக்கைகளுடன் அது செயல்படத் தொடங்கியது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், மருத்துவர் வி. சாந்தாவும் (1927-2021) அதனை வளர்த்தெடுத்தனர். 1960 ஆம் ஆண்டில் அங்கு குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவில் இத்தகைய பிரிவுகளில் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது. வி. சாந்தா 2005 ஆம் ஆண்டில் ரமோன் மக்சேசே விருது பெற்றார்.

முன்னாள் முதலமைச்சர் கா. ந. அண்ணாதுரை 1969 ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இயங்கி வருகிறது.

## குடும்பங்களுக்கான ஆதரவு

### சிகிச்சை இடைவிலகல்

குணமாக்கும் நோக்குடன் தொடங்கிய சிகிச்சைக்குத் தொடர்ந்து நான்கு வாரங்கள் அல்லது அதற்கு மேல் வராதிருத்தல், பன்னாட்டுச் சிறுவர் புற்றுநோயியல் கழகத்தின் வரையறைப்படி சிகிச்சை இடைவிலகல் ஆகும். தொடங்காமலே விட்டுவிடுவதும் இதில் அடங்கும். உலக சுகாதார அமைப்பின் கணிப்புப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் சிறாருக்குப் புற்றுநோய் ஏற்படுகிறது. உயர்வருமான நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைய, குறைவருமான நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவானோரே குணமடைகின்றனர். இவ்வேறுபாட்டின் காரணங்களில் இடைவிலகல் முக்கியமானது.

இடைவிலகல் பெற்றோரின் அறியாமையால் மட்டும் நேர்வதன்று. போக்குவரத்துச் செலவு, தங்க இடமின்மை, கூலி இழப்பு, வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை, அறுவைக்குப் பின் குழந்தை நன்றாக இருப்பது போலத் தோன்றுதல் ஆகியவை சேர்ந்தே குடும்பத்தை ஊருக்குத் திருப்புகின்றன.

இதனை மாற்ற இயலும் என்பதற்கு பிரேசிலின் ரெசிபி நகர அனுபவம் சான்றாகும். அங்கு இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 1980களில் 16 விழுக்காட்டினர் இடையில் நின்றனர். தங்குமிடம், பயணச் செலவு, சமூகப் பணியாளர் ஆகிய ஏற்பாடுகளுடன் தனிச் சிகிச்சைப் பிரிவு அமைக்கப்பட்ட பின், 1997-2002 காலப்பகுதியில் அது 0.5 விழுக்காடாகக் குறைந்தது. இது வேறொரு புற்றுநோயைப் பற்றிய ஆய்வு ஆயினும், நீண்ட சிகிச்சை தேவைப்படும் எல்லாச் சிறுவர் புற்றுநோய்களுக்கும் பொருந்தும் பாடமாகக் கொள்ளப்படுகிறது.

### தங்குமிடமும் வழிகாட்டலும்

மருத்துவமனைக்கு அருகே குடும்பம் தங்குவதற்கான இல்லம் என்னும் கருத்து 1974 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முதல் ரொனால்டு மெக்டொனால்டு இல்லமாக உருப்பெற்றது. இந்தியாவில் 2006 ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா குழந்தை நல மையங்கள், சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்குக் கட்டணமின்றித் தங்குமிடம் அளிக்கின்றன. சென்னையிலும் வேலூரிலும் இவற்றின் மையங்கள் உள்ளன. குடும்பத்திற்குத் தனி அறையும், தாமே சமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. வேதிச்சிகிச்சையால் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய குழந்தைக்குத் தூய்மையான இடமும் உணவும் மருந்துக்கு இணையானவை.

2004 ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கப்பட்ட கேன்கிட்ஸ் அமைப்பு, மருத்துவமனைகளுக்குள்ளேயே சமூகப் பணியாளர்களை அமர்த்தி, நிதியுதவி, ஊட்டச்சத்து, உளவியல் ஆதரவு, கல்வி ஆகியவற்றில் உதவுகிறது. சென்னையில் 2002 ஆம் ஆண்டு முதல் ரே ஆஃப் லைட் அறக்கட்டளை வசதியற்ற குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவை ஏற்று வருகிறது. புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இந்திய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது.

### காப்பீடு

தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டு முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 2018 ஆம் ஆண்டில் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைக்கும். தகுதிக்கான ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறுவை, கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை ஆகியவை இதில் அடங்கும். எனினும் பேருந்துக் கட்டணம், வாடகை, உணவு, இழந்த கூலி ஆகியவை பெரும்பாலும் காப்பீட்டில் அடங்குவதில்லை.

### ஒரகடம் வட்டாரத்தின் நிலை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள வடக்குப்பட்டு, திருப்பெரும்புதூர்-ஒரகடம் தொழிற்பகுதியைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்று. தொலைவைப் பொறுத்தவரை இவ்வட்டாரம் வாய்ப்பு மிக்கது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனை, சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை ஒரே நாளில் சென்று திரும்பக் கூடிய தொலைவில் உள்ளன.

ஆயினும் ஆறு வாரங்களுக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் சென்று திரும்புவது வேறு செய்தி. இங்குள்ள தொழிற்சாலைகளில் முறைப்பணியில் வேலை செய்வோரில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பலர் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து வாடகைக்குக் குடியிருப்போர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைக்குச் செல்லாத நாள் பெரும்பாலும் கூலியற்ற நாளாகும். வெளியூரிலிருந்து வந்தோருக்கு, மருத்துவமனையிலிருக்கும் குழந்தையின் உடன்பிறந்தோரைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ அத்தையோ அருகில் இருப்பதில்லை. தமிழ் அறியாத பெற்றோருக்கு மருத்துவர் சொல்வதை விளங்கிக்கொள்வதும் கடினம்.

இவர்களில் குறிப்பிட்ட ஊதிய வரம்புக்கு உட்பட்டோர் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ் வருகின்றனர். இவ்வரம்பு 2017 ஆம் ஆண்டில் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொழிலாளியின் குழந்தைகளுக்கும் இதில் மருத்துவம் உண்டு. சென்னை கலைஞர் கருணாநிதி நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்றவற்றிலிருந்து சிறப்பு மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக்கவும் வழி உண்டு. ஆனால் இத்திட்டத்தின் நோய்க்கால உதவித்தொகை தொழிலாளி தாமே நோயுற்றால் மட்டும் கிடைப்பதாகும். குழந்தையுடன் இருப்பதற்காக விடுப்பெடுக்கும் பெற்றோருக்கு அது கிடைப்பதில்லை. நீண்ட விடுப்பால் வேலை போனால் பங்களிப்பு நின்று, சில மாதங்களில் மருத்துவத் தகுதியும் போகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதே குழந்தையின் காப்பீட்டை இழக்கச் செய்யும் இந்த முரண், தொழிற்பகுதிக் குடும்பங்கள் எதிர்நோக்கும் முக்கியச் சிக்கலாகும். மாநில அரசின் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி உண்டா என்பதை நோயின் தொடக்கத்திலேயே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறிவது இதனால் பயனுடையதாகும்.

### பெண் குழந்தைகள்

இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஆண் குழந்தைகளின் எண்ணிக்கை பெண் குழந்தைகளின் எண்ணிக்கையை விடக் கணிசமாக அதிகம். சில வகைகள் ஆண்களிடம் இயல்பாகவே மிகுதி என்றாலும், இவ்வேறுபாடு முழுவதையும் உயிரியல் காரணத்தால் விளக்க இயலாது. பெண் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படாமலே போவது இதன் ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

## குணமடைந்த பின்

மூளைப் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைகள் பிற புற்றுநோய்களிலிருந்து மீண்டோரை விடக் கூடுதலான பின்விளைவுகளை எதிர்கொள்கின்றனர். நினைவாற்றல், கவனம், சிந்தனை வேகம் ஆகியவை குறையலாம். சிஸ்பிளாட்டின் மருந்து செவித்திறனைக் குறைக்கும். பிட்யூட்டரி பாதிப்பால் வளர்ச்சி இயக்குநீரும் தைராய்டு இயக்குநீரும் குறையலாம். உயரம், நடை, பார்வை ஆகியவற்றிலும் மாற்றங்கள் நேரலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1991 ஆம் ஆண்டில், சிகிச்சை முடித்த சிறாருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது.

பள்ளிக்குத் திரும்புவதே பெரும்பாலான குழந்தைகளின் முதல் விருப்பம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பார்வை, செவி, இயக்கம், அறிவுத்திறன் சார்ந்த குறைபாடுகளை உள்ளடக்கியது. குறைபாட்டுச் சான்றிதழ் பெற்ற மாணவருக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகிய சலுகைகள் உண்டு. பள்ளிக்கு வர இயலாத சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இல்லம் சார்ந்த கல்வியும் வழங்கப்படுகிறது. முடி உதிர்ந்த, மெதுவாகப் பேசுகின்ற மாணவரை வகுப்பு எவ்வாறு ஏற்கிறது என்பது, ஆசிரியர் வகுப்பை முன்கூட்டியே எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறார் என்பதைப் பொறுத்துள்ளது.

## நோய் ஆதரவுச் சிகிச்சை

குணப்படுத்த இயலாத நிலையிலும் செய்யக் கூடியவை பல உள்ளன. வலி, வாந்தி, வலிப்பு, விழுங்க இயலாமை ஆகியவற்றைத் தணிப்பதும், குழந்தையின் கேள்விகளுக்கு அதன் அகவைக்கேற்ப உண்மையாக விடையளிப்பதும், பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் தாங்குவதும் நோய் ஆதரவுச் சிகிச்சை எனப்படும். இது இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே மற்றச் சிகிச்சைகளுடன் சேர்த்துத் தொடங்கப்பட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது.

கடும் வலிக்கு மார்பின் இன்றியமையாதது. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடுகளால் இந்தியாவில் அது கிடைப்பது அரிதாக இருந்தது. 2014 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஏற்பு பெற்ற மருத்துவ நிலையங்கள் மார்பினைப் பெறும் நடைமுறை எளிதாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே சென்று அளிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் இடம்பெற்றுள்ளன.

## ஆராய்ச்சி

### பதிவேடுகள்

எத்தனை குழந்தைகள் பாதிக்கப்படுகின்றனர் என்பது தெரியாமல் படுக்கைகளையோ மருந்துகளையோ திட்டமிட இயலாது. சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1981 ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டமும் ஏற்பட்டது. எனினும் மூளைக் கட்டிகள் பதிவேடுகளில் விடுபட எளிதானவை. மெதுவாக வளரும் கட்டிகள் புற்றுநோயாகக் கணக்கிடப்படுவதில்லை. மூளைத்தண்டுக் கட்டிகள் பலவற்றில் திசு ஆய்வு நடப்பதில்லை. காரணம் அறியப்படாமலே இறக்கும் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

### திசுக் கொடை

பரவிய நடுக்கோட்டு கிளையோமா பற்றிய ஆய்வு பல பத்தாண்டுகள் தேங்கி நின்றது. நிலவில் முதலில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன், மூளைத்தண்டுக் கட்டியால் தனது மூன்றாம் அகவை நிறைவதற்கு முன்பே 1962 ஆம் ஆண்டு சனவரியில் இறந்தாள். அன்று அளிக்க இயன்ற கதிர்வீச்சே அரை நூற்றாண்டுக்குப் பின்னும் முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. ஆய்வுக்குத் திசு கிடைக்காமையே இதற்கு முக்கியக் காரணம் ஆகும்.

தங்கள் குழந்தை இறந்தபின் அதன் கட்டியை ஆய்வுக்கு அளிக்கப் பெற்றோர் பலர் முன்வந்ததும், பாதுகாப்பான முறையில் திசு எடுக்கும் அறுவை நுட்பம் வளர்ந்ததும் இந்நிலையை மாற்றின. 2012 ஆம் ஆண்டில் இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எச்3 கே27எம் என்னும் இசுட்டோன் மரபணு மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. நோயின் பெயரே இதன் அடிப்படையில் மாற்றப்பட்டது. இம்மாற்றமுள்ள, சிகிச்சைக்குப் பின் மீண்டும் முற்றிய கட்டிகளுக்கு டோர்டாவிப்ரோன் என்னும் மருந்தை ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஆம் ஆண்டு ஆகத்தில் விரைவு முறையில் ஏற்றது. இது நோயைக் குணமாக்கும் மருந்து அன்று. ஒரு பகுதி நோயாளிகளில் கட்டியைச் சுருக்குகிறது. இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு உயிரணுக்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி முறை ஆய்வு செய்யப்படுகிறது. 11 நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகள் 2024 ஆம் ஆண்டில் வெளியாயின.

மெதுவாக வளரும் கிளையோமாக்களில் பிராப் என்னும் மரபணுவின் மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்துகள் பயனளிக்கின்றன. டப்ராபெனிப், டிராமெட்டினிப் கூட்டு மருந்து 2023 ஆம் ஆண்டிலும், டோவோராபெனிப் 2024 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஏற்கப்பட்டன. இவற்றின் விலை இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாததாகவே உள்ளது.

மெடுல்லோபிளாஸ்டோமா நான்கு மூலக்கூற்றுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது மற்றொரு முன்னேற்றம் ஆகும். நன்கு குணமாகும் குழுவினருக்குக் கதிரளவைக் குறைத்து, பிற்காலப் பாதிப்புகளைத் தவிர்க்க இயலுமா என ஆய்வுகள் நடைபெறுகின்றன.

### இந்தியாவில்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி உள்ளது. நோயாளியின் ஒப்புதலுடன், அறுவையின்போது அகற்றப்பட்ட திசுவில் மருத்துவத் தேவைக்குப் போக எஞ்சியது இத்தகைய வங்கிகளில் சேமிக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகிறது. ஒப்புதல் தர மறுத்தாலும் சிகிச்சையில் எவ்வித வேறுபாடும் காட்டப்படலாகாது என்பது ஆய்வு நெறியாகும். இந்தியக் குழந்தைகளின் திசுவும் சிகிச்சைப் பதிவுகளும் ஆய்வுகளில் இடம்பெறாதவரை, பிற நாட்டுக் குழந்தைகளிடம் கண்ட முடிவுகளையே இங்கும் பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது. சிகிச்சையை முடிக்க உதவப்படும் ஒவ்வொரு குடும்பமும், முழுமையான ஒரு பதிவை ஆய்வுக்கு அளிக்கிறது. இவ்வகையில் குடும்ப ஆதரவும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன.

## விழிப்புணர்வு

உலக சுகாதார அமைப்பு 2018 ஆம் ஆண்டில் உலகளாவிய சிறுவர் புற்றுநோய் முன்னெடுப்பைத் தொடங்கியது. 2030 ஆம் ஆண்டுக்குள் புற்றுநோயுற்ற சிறாரில் குறைந்தது 60 விழுக்காட்டினர் பிழைக்கச் செய்வது இதன் இலக்கு. இதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட ஆறு புற்றுநோய்களில் மெதுவாக வளரும் கிளையோமாவும் ஒன்று. ஆண்டுதோறும் பிப்ரவரி 15 பன்னாட்டுச் சிறுவர் புற்றுநோய் நாளாகவும், சூன் 8 உலக மூளைக்கட்டி நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. பொன்னிற நாடா சிறுவர் புற்றுநோயையும், சாம்பல்நிற நாடா மூளைக் கட்டியையும் குறிக்கும் அடையாளங்கள் ஆகும்.

## இவற்றையும் பார்க்க

* அடையாறு புற்றுநோய் நிலையம்
* முத்துலட்சுமி ரெட்டி
* வி. சாந்தா
* கதிர்வீச்சுச் சிகிச்சை
* வேதிச்சிகிச்சை
* சிறுமூளை

பகுப்புகள்: புற்றுநோய்கள் | மூளை | குழந்தை மருத்துவம் | தமிழ்நாட்டில் மருத்துவம்